நிறுத்திய வண்டியில் துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஓக்லஹோமா மாநிலத்தில், டெக்சஸ் எல்லையை ஒட்டிய தென்கிழக்கு மூலையில், வேலியன்ட் என்னும் சிற்றூர் இருக்கிறது. பைன் மரக் காடுகள் சூழ்ந்த மெக்கர்ட்டன் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் அது. காடு தரும் மரமே அவ்வட்டாரத்தாரில் பெரும்பாலோரின் பிழைப்பு. வேயர்ஹாவுசர் என்னும் பெருநிறுவனம் அங்கே ஒரு காகித ஆலையை நடத்தி வந்தது. ஆலைத் தொழிலாளருள் பலர் வேட்டையில் பற்றுடையோர். விடியுமுன் காட்டுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வருவதும், வேலை முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பாமல் காட்டுக்குப் போவதும் அவர்களுக்குப் பழகிப்போன நடைமுறை. ஆதலால் மான் வேட்டைப் பருவத்தில் அவர்களுடைய பிக்கப் வண்டிகளில், இருக்கைக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி கிடப்பதை எவரும் வியப்பாகக் கருதியதில்லை.

2002ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாள். ஆலைக்குள் போதைப் பொருள் புழங்குவதாக ஐயுற்ற நிர்வாகம், அன்று மோப்ப நாய்களைக் கொண்டுவந்து வாகன நிறுத்துமிடத்தைச் சோதனையிட்டது. தேடியது போதைப் பொருள், அகப்பட்டவை துப்பாக்கிகள். ஆலையின் நேரடித் தொழிலாளரும் ஒப்பந்தக்காரரின் ஆட்களுமாகப் பன்னிருவர் வேலையை இழந்தனர். ஆலை வளாகத்துக்குள் துப்பாக்கி கூடாது என்ற விதி வாகன நிறுத்துமிடத்துக்கும் பொருந்தும் என்று அவ்வாண்டிலேயே அறிவித்துவிட்டதாக நிர்வாகம் கூறிற்று. அப்படியொரு மாற்றம் வந்ததைத் தாங்கள் அறியோம் என்றனர் நீக்கப்பட்டோர்.

சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த இந்த வேலை நீக்கம், அடுத்த பத்தாண்டுகளுக்குள் இருபதுக்கு அண்மையான மாநிலங்களின் சட்டப் புத்தகத்தை மாற்றப் போகிறது என்று அன்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மலேசிய வாசகருக்கு இச்செய்தி சற்று விந்தையாகத் தோன்றலாம். இந்நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலே குற்றம். 1971இல் வந்த சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கிற்று. வண்டியில் துப்பாக்கியை விட்டுச் செல்லலாமா என்ற கேள்வி இங்குப் பொதுமக்களிடையே எழவே இடமில்லை. அமெரிக்காவிலோ, ஆயுதம் வைத்திருக்கும் உரிமை 1791ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அரசியல் சட்டத் திருத்தத்தில் இடம்பெற்ற ஒன்று. எனினும், அந்த உரிமை அரசை நோக்கிச் சொல்லப்பட்டது. அரசு பறிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். முதலாளி ஒருவர் தம் நிலத்துக்குள் துப்பாக்கியைக் கொண்டுவராதே என்று சொல்வதை அது தடுக்கவில்லை. மேலும், அந்நாட்டின் மாநிலங்கள் ஏறத்தாழ அனைத்திலும், தனியார் நிறுவனம் தன் ஊழியரைக் காரணம் காட்டாமலே நீக்கலாம் என்பதே வேலை ஒப்பந்தத்தின் அடிப்படை விதி. துப்பாக்கி உரிமையைக் கோயிலாக்கி வைத்திருக்கும் நாட்டில், அதைக் காரணமாகக் கொண்டு வேலையைப் பறித்தால் கேட்பார் இல்லை என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

வேலியன்டுக்கு முன்னரே யூட்டா மாநிலத்தில் இதற்கோர் எடுத்துக்காட்டு நிகழ்ந்துவிட்டது. 2000ஆம் ஆண்டில், ஆக்டன் நகரிலிருந்த அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் ஊழியர் மூவர், வேலை நேரம் முடிந்தபின் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் போவதற்காக, வாகன நிறுத்துமிடத்தில் தம் துப்பாக்கிகளை ஒரு காரிலிருந்து மற்றொரு காருக்கு மாற்றினர். கண்காணிப்புக் கருவி அதைப் படம்பிடித்திருந்தது. மூவரும் நீக்கப்பட்டனர். வழக்கு யூட்டா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2004இல் அந்நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயுத உரிமை எத்துணை மதிப்புக்குரியதாயினும், நில உடைமையாளர் தம் இடத்துக்கு விதி வகுக்கும் உரிமையை அது வென்றுவிடாது என்பது தீர்ப்பின் சாரம்.

வேலியன்ட் தொழிலாளரின் குறை சட்டமன்றத்தை நாடிற்று. அவ்வூரைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஜெர்ரி எல்லிஸ் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆளுநர் பிராட் ஹென்றி 2004இல் கையொப்பமிட்ட அச்சட்டம் சுருக்கமானது. வாகனங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில், பூட்டிய வண்டிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்யும் விதி எதையும் நில உடைமையாளரோ, வாடகைதாரரோ, முதலாளியோ, வணிக நிறுவனமோ வகுக்கலாகாது. பெருங்குற்றத் தண்டனை பெற்றவருக்கு மட்டும் இவ்வுரிமை இல்லை. இவ்வளவே அதன் உள்ளடக்கம்.

இச்சட்டத்தின் அடியில் உள்ள கருத்தை ஊன்றி நோக்க வேண்டும். நிலம் நிறுவனத்துடையது, அந்நிலத்தின் மேல் நிற்கும் வண்டி தொழிலாளியுடையது. வண்டியின் கதவு வரைக்கும்தான் முதலாளியின் ஆணை செல்லும், கதவுக்குள் தொழிலாளியின் வீடு தொடங்குகிறது என்றது ஓக்லஹோமா. நிறுவனங்களின் வாதம் நேர் எதிரானது: எமது நிலத்தில் நிற்கும் வரை, வண்டிக்குள் இருப்பதும் எமது நிலத்தில் இருப்பதே. உழைப்பவன் காலையில் ஆலைக்குள் நுழைந்து மாலையில் வெளியேறும் வரை அவனுடைய உடைமையில் எவ்வளவு அவனுக்கே உரியது என்பது பழைய வழக்கு. அதற்குத் துப்பாக்கி ஒரு புதிய நிமித்தமாய் அமைந்தது என்று கொள்வதில் தவறில்லை.

2004ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நடைமுறைக்கு வரவேண்டிய சட்டம், வருமுன்னரே தடைபட்டது. டல்சா நகரில் தொழிற்சாலை வைத்திருந்த வோர்ல்பூல் நிறுவனம் மத்திய நீதிமன்றத்தை அணுகி இடைக்காலத் தடை பெற்றது. பின்னர் அந்நிறுவனம் விலகிக்கொள்ள, கொனோகோபிலிப்ஸ், வில்லியம்ஸ், ராம்சி வின்ச் முதலிய நிறுவனங்கள் வழக்கை ஏற்று நடத்தின. தேசிய ரைபிள் சங்கம் வாளாவிருக்கவில்லை. 2005இல் கொனோகோபிலிப்சின் எரிபொருளை வாங்காதீர் என்று அது தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. சாலையோரங்களில் விளம்பரப் பலகைகளையும் நாட்டிற்று. வழக்கமாகத் தொழில் நிறுவனங்களும் துப்பாக்கி உரிமைக்காரரும் அமெரிக்க அரசியலில் ஒரே அணியில் நிற்பவர்கள். உடைமை உரிமையா, ஆயுத உரிமையா என்ற கேள்வி வந்தபோது அவ்வணி இரண்டாகப் பிளந்தது. இவ்வரலாற்றில் சுவை மிகுந்த பகுதி இதுவே எனலாம்.

நிறுவனங்களின் அச்சம் வெறும் கற்பனையன்று. 2003ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில், லாக்ஹீட் மார்ட்டின் தொழிற்சாலையில் ஊழியர் கூட்டம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஒரு தொழிலாளி இடையில் எழுந்து வெளியே போனான். நிறுத்துமிடத்தில் தன் வண்டி இருந்தது. வண்டியில் துப்பாக்கிகள் இருந்தன. அவற்றுடன் அவன் திரும்பி வந்தான். உடன் உழைத்தோர் அறுவரைக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டான். சினத்துக்கும் கருவிக்கும் இடையே இருந்த தொலைவு, கூட்ட அறைக்கும் வண்டிக்கும் இடையே இருந்த தொலைவே. சினம் தணிய அது போதவில்லை.

இதற்குத் துப்பாக்கி உரிமைக்காரரிடம் ஒரு மறுமொழி இருந்தது. கொலை செய்யத் துணிந்தவன் நிறுவனத்தின் விதிக்குப் பயந்து துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டு வரமாட்டான். விதிக்குக் கட்டுப்படுபவன் நல்லவன் ஒருவனே. நள்ளிரவு முறை முடிந்து ஆளரவமற்ற சாலையில் ஐம்பது மைல் வண்டியோட்டிப் போகும் பெண் தொழிலாளிக்கு வழித்துணை எது என்றனர். வேலையிடத்தில் தடை என்பது, போகும் வழியிலும் வரும் வழியிலும் தடை என்றாகிவிடுகிறது. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மெரிடியனில் இறந்தவர்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்வதும் எளிதன்று.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய நீதிபதி டெரன்ஸ் கெர்ன் ஓக்லஹோமா சட்டத்துக்கு நிரந்தரத் தடை விதித்தார். அவர் பற்றிக்கொண்ட சட்டம் 1970ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, உடல்நலச் சட்டம். உயிருக்குக் கேடு விளைக்கக் கூடியதெனத் தெரிந்த அபாயங்களிலிருந்து வேலையிடத்தைக் காத்தல் முதலாளியின் கடமை என்று அச்சட்டம் பொதுப்படக் கூறுகிறது. மத்திய அரசு இட்ட கடமையை நிறைவேற்ற முடியாதபடி ஒரு மாநிலம் கையைக் கட்டலாகாது என்பது அவர் முடிவு.

டென்வர் நகரிலுள்ள பத்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றியது. தொழிலிடப் பாதுகாப்புத் துறை துப்பாக்கியைப் பற்றி விதி எதுவும் செய்ததில்லை. செய்யும்படி கேட்டபோதும் 2006இல் மறுத்துவிட்டது. துறையே அபாயம் என்று வரையறுக்காத ஒன்றை நீதிமன்றம் வரையறுக்கலாகாது என்றனர் நீதிபதிகள். நிலத்தைப் பறித்துக்கொண்டதற்கு ஒப்பாகும் என்ற நிறுவனங்களின் வாதமும் ஏற்கப்படவில்லை. அதற்கு அவர்கள் காட்டிய முன்தீர்ப்புகளுள் ஒன்று 1980ஆம் ஆண்டு வழக்கு. கலிபோர்னியாவில் புரூன்யார்டு என்னும் தனியார் கடைத்தொகுதியில் உயர்நிலைப் பள்ளி மாணவர் சிலர் மனுவுக்குக் கையொப்பம் திரட்டினர், உடைமையாளர் வெளியேற்றினார், மாணவர் பக்கமே அமெரிக்க உச்ச நீதிமன்றம் நின்றது. பொதுமக்கள் வந்து போகத் திறந்துவிட்ட நிலத்தில் சிறிது இடையூற்றைப் பொறுத்துக்கொள்ளுமாறு மாநிலம் கட்டளையிடலாம் என்ற கொள்கை அதில் நிலைபெற்றது. காகிதமும் பேனாவும் ஏந்திய மாணவருக்காக எழுந்த நெறி, இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் வண்டியில் கிடந்த வேட்டைத் துப்பாக்கிக்கு அரணாயிற்று.

வேலியன்டில் நீக்கப்பட்டோரின் சொந்த வழக்கு என்னவாயிற்று? அது 2006லேயே தோற்றுவிட்டது. அவர்கள் நீக்கப்பட்ட நாளில் இச்சட்டம் இல்லை. நிறுவனம் செய்தது அன்றைய சட்டப்படி சரியே என்று அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. எவர் பொருட்டுச் சட்டம் பிறந்ததோ அவர்களுக்கு அது உதவவில்லை.

பிற மாநிலங்கள் விரைந்து பின்தொடர்ந்தன. அலாஸ்கா 2005இலும், மிசிசிப்பி 2006இலும், புளோரிடா 2008இலும், டெக்சஸ் 2011இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. மெரிடியன் நகரைத் தன்னகத்தே கொண்ட மிசிசிப்பி, அப்படுகொலை நிகழ்ந்து மூன்று ஆண்டுகளில் இதைச் செய்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் அது ஒரு வாயிலைத் திறந்து வைத்தது: வேலியோ காவலரோ கதவோ வைத்துப் பொதுமக்கள் நுழைவைத் தடுத்துள்ள நிறுத்துமிடமாயின் நிறுவனம் தடைவிதிக்கலாம். டென்னசியில் நடந்தது வேறு வகை. 2013ஆம் ஆண்டுச் சட்டம் வண்டியில் துப்பாக்கி வைத்தவரைக் குற்றவாளியாக்கவில்லை. ஆனால் முதலாளி அவரை வேலையிலிருந்து நீக்குவதற்கும் தடை சொல்லவில்லை. சிறைக்கு அனுப்ப மாட்டோம், வீட்டுக்கு அனுப்பலாம் என்பதுபோல் அமைந்த அக்குறையைச் சட்டமன்றம் 2015இல் தான் சரிசெய்தது.

புளோரிடாவின் சட்டத்தில் வெடிபொருள் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. உலகெங்கும் குழந்தைகள் அறிந்த டிஸ்னி பூங்கா, இரவுதோறும் வாண வேடிக்கை நடத்துவதற்காக வெடிமருந்து உரிமம் வைத்திருக்கிறது. அந்த உரிமத்தைக் காட்டி, இச்சட்டம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்று அது 2008இல் அறிவித்தது.

கல்வித் துறையைச் சார்ந்தோர் கருதத்தக்க பகுதியும் இவ்வரலாற்றில் உண்டு. பள்ளிகளைச் சுற்றித் துப்பாக்கி கூடாது என்று 1990ஆம் ஆண்டில் அமெரிக்க மத்திய அரசு இயற்றிய சட்டமே, குண்டு நிரப்பாத துப்பாக்கி வண்டியிலுள்ள பூட்டிய பெட்டியிலோ பூட்டிய தாங்கியிலோ இருந்தால் குற்றமில்லை என்று விலக்களித்தது. 1994ஆம் ஆண்டின் சட்டம் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டுக்கு வெளியேற்றப் பணித்தது. 2001ஆம் ஆண்டில் நிறைவேறிய கல்விச் சட்டம் அதைத் திருத்தி எழுதியபோது, பள்ளி நிலத்தில் பூட்டிய வண்டிக்குள் சட்டப்படி வைக்கப்பட்ட துப்பாக்கிக்கு இது பொருந்தாது என்ற வரி சேர்ந்துகொண்டது. விடியற்காலையில் வேட்டையாடிவிட்டுப் பள்ளிக்கு வண்டியோட்டி வரும் நாட்டுப்புற மாணவனை மனத்தில் வைத்து எழுதிய வரி அது. புத்தகப் பையைச் சோதிக்கக் கடமைப்பட்ட தலைமையாசிரியர், நிறுத்துமிடத்தைக் கடந்து போகும்போது என்ன நினைப்பார் என்பதை அச்சட்டத்தை இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அரசே நில உடைமையாளராயிருக்கும் இடத்தில் நீதிமன்றங்களின் பார்வை மாறிற்று. கொலராடோவின் ஏவன் என்னும் மலையூரில் வீட்டுக்கு அஞ்சல் கொண்டுவந்து தரும் வழக்கம் இல்லை, அஞ்சலகத்துக்குத்தான் போகவேண்டும். அஞ்சலக நிலத்தில் துப்பாக்கிக்குத் தடை. நிறுத்துமிடத்தில் காரில் விட்டுச்செல்லவும் கூடாதென்றால் எங்கே வைப்பது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் 2013இல் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. 2015இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஓக்லஹோமாச் சட்டத்தை நிலைநிறுத்திய அதே பத்தாம் வட்டார நீதிமன்றம்தான் இத்தீர்ப்பையும் அளித்தது. முதலாளி தடுக்கலாகாது என்று மாநிலம் ஆணையிடலாம். ஆனால் அரசு தன் நிலத்தில் தானே தடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டும் சேர்ந்து பொருள்தருகின்றன.

இத்துணை வழக்குகளிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: தடைசெய்யும் அதிகாரம் யாருக்கு? உடையவன் இறங்கிப் போனபின், எட்டு மணி நேரம் தனியே கிடக்கும் துப்பாக்கியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு ஒரு கல்லுக்குத் தாங்காது. பூட்டிய வண்டி என்று சட்டம் சொன்னதே தவிர, அந்தப் பூட்டு எத்தகையது என்று கேட்கவில்லை.

அக்கேள்வி வேறொரு கரையில் எழுந்தது. 2015ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், சான் பிரான்சிஸ்கோ நகரின் கடலோரச் சாலையில் நிறுத்தியிருந்த காரிலிருந்து ஒரு கைத்துப்பாக்கி களவுபோயிற்று. கார் மத்திய அரசின் நில நிர்வாகத் துறைக் காவலர் ஒருவருடையது. நான்கு நாள் கழித்து, ஜூலை முதல் நாள், அருகிலிருந்த படகுத் துறையில் தந்தையோடு நடந்துகொண்டிருந்த 32 வயதுப் பெண் ஒருவர் அத்துப்பாக்கியின் குண்டுக்கு இரையானார். குண்டு தரையில் பட்டுத் தெறித்து வந்திருந்தது. துப்பாக்கி எவன் கையில் இருந்ததோ அவன் உரிய ஆவணமின்றி நாட்டில் தங்கியிருந்தவன். ஆகவே நாடு முழுதும் குடிநுழைவைப் பற்றியே வாதிட்டது. 2017இல் நடுவர் குழு அவனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தபோதும் அதே வாதமே மீண்டும் எழுந்தது. துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அக்கூச்சலில் ஏறத்தாழ அமுங்கிவிட்டது.

முற்றிலும் அமுங்கிவிடவில்லை. கலிபோர்னியாச் சட்டமன்றம் 2016இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டுச் செல்பவர் அதைப் பின்பேழைக்குள் பூட்டவேண்டும். அல்லது பூட்டிய பெட்டியில் இட்டு, வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணில் படாமல் வைக்கவேண்டும். தவறினால் 1,000 டாலர் வரை தண்டம். குடிமக்களுக்கு மட்டுமன்றிக் காவல் துறையினருக்கும் இது பொருந்தும் என்பதே அச்சட்டத்தின் உயிர்நாடி. களவுபோனது ஒரு காவலரின் துப்பாக்கி என்பதை அதை எழுதியவர்கள் மறக்கவில்லை.

காவல் துறைகள் மத்திய அரசுக்கு அனுப்பிய பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 2022ஆம் ஆண்டில் பல நூறு நகரங்களில் களவுபோன துப்பாக்கிகளுள் பாதிக்கு மேற்பட்டவை வண்டிகளிலிருந்து போனவை என்று கண்டனர். பத்தாண்டுகளுக்கு முன்பு நிலைமை அவ்வாறில்லை. அப்பொழுது வீடுகளே திருடரின் இலக்காயிருந்தன. துப்பாக்கியை வெளியே எடுத்துச்செல்லும் உரிமை விரிந்தது. எடுத்துச் சென்றதை உள்ளே கொண்டுபோக முடியாத இடங்களும் பலவாயின. இடையில் அது தங்குமிடம் வண்டியே ஆயிற்று. 2024இல் கொலராடோ ஒரு சட்டம் செய்தது: வண்டியில் விட்டுச்செல்லும் கைத்துப்பாக்கி கெட்டியான பூட்டிய பெட்டிக்குள், கண்ணில் படாதவாறு இருக்கவேண்டும், வண்டியும் பூட்டப்பட்டிருக்கவேண்டும். 2025ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

ஓக்லஹோமாவில் வேலியன்டின் சட்டம் நிற்கிறது. பூட்டிய வண்டியில் இருந்த துப்பாக்கியால் தீங்கு நேர்ந்தால் நில உடைமையாளரும் முதலாளியும் இழப்பீடு தரவேண்டியதில்லை என்று அதில் ஒரு பிரிவு உண்டு. தடுக்கும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டவர்கள், அதனோடு பொறுப்பையும் எடுத்துக்கொண்டது நியாயமே. எடுத்த பொறுப்பை யாரிடம் கொடுத்தார்கள் என்பதைத்தான் அப்பிரிவு சொல்லவில்லை.